பாக் என்ற குடும்பப் பெயர்: பொருளும் புழக்கமும்

ஜனவரி 9 (வாசகர் கேள்வி)

ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் பற்றி யார் பேசினாலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். ‘பாக்’ என்றால் ஜெர்மனில் ஓடை; பீத்தோவன் “அவர் ஓடை இல்லை, கடல்” என்றாராம். இது நிஜமா, கட்டிவிட்டதா? இன்னொன்று, அந்தப் பெயரின் நாலு ஆங்கில எழுத்தையும் (பி, ஏ, சி, எச்) சுரமாக வாசிக்கலாம் என்கிறார்கள். என் கீபோர்டில் ஏ முதல் ஜி வரைதான் இருக்கிறது. ‘எச்’ எங்கே இருக்கிறது? ஆள் பெரிய ஆளான பிறகு ரசிகர்கள் ஒட்டவைத்த அலங்காரம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜனவரி 9, இரவு

அலங்காரம் என்பதை ஏற்கமாட்டேன். அவர் உயிரோடு இருந்தபோதே அச்சில் வந்துவிட்ட விஷயம் இது. வைமார் நகரில் ஆர்கன் வாசித்த யோஹான் காட்ஃப்ரீட் வால்டர், பாக்குக்குத் தூரத்து உறவு, 1732இல் ஓர் இசை அகராதி வெளியிட்டார். அதில் இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது, இந்தப் பெயரைச் சுமந்தவர்கள் எல்லாரும் இசைக்காரர்களாகவே இருப்பதற்கு, அந்த நான்கு எழுத்துகளும் அதே வரிசையில் ஒரு மெட்டாக அமைவதுதான் காரணமோ என்கிறார். கூடவே, இதைக் கவனித்துச் சொன்னவர் லைப்சிக்கில் இருக்கும் பாக் என்றும் சேர்க்கிறார். அதாவது நம் செபாஸ்டியனே. அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

எச் உங்கள் கீபோர்டில் இருக்கிறது, வேறு பெயரில். ஜெர்மன்காரர்கள் ‘பி’ என்று எழுதினால் அது நாம் பி ஃபிளாட் என்று சொல்லும் கறுப்புக் கட்டை. நாம் பி என்று சொல்லும் வெள்ளைக் கட்டைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் எச். இடைக்காலத்தில் இந்த ஒரு சுரத்தை மட்டும் இரண்டு விதமாக எழுதினார்கள்: இறக்கிப் பாட வேண்டுமானால் உருண்டையான பி, இறக்காமல் பாட வேண்டுமானால் சதுரமான பி. சதுர பி பார்வைக்கு எச் மாதிரி இருந்தது. ஜெர்மன் நாட்டில் அப்படியே எச் ஆகிவிட்டது. இன்று நாம் போடும், சுரத்தை இறக்கும் ஃபிளாட் குறியும் இறக்காமல் விடும் நேச்சுரல் குறியும் அந்த இரண்டு பி-க்களின் வாரிசுகள்தான்.

ஆக, பி ஃபிளாட், ஏ, சி, பி. ஏ-யிலிருந்து சி வரை இடைவெளி விடாமல் நான்கு கட்டைகளை எடுத்துக்கொண்டு 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். 2-1-4-3 என்ற வரிசையில் அழுத்தினால் அவர் பெயர். கையை நகர்த்தவே வேண்டாம்.

ஜனவரி 11

எச் தெரியாவிட்டால் ஜெர்மன் பதிப்பு இசைத்தாள் வாங்கும்போது தடுமாற்றம்தான். எச்சை அவர்கள் ‘ஹா’ என்பார்கள், பி-யை ‘பே’ என்பார்கள். மேற்கத்திய இசையின் இரண்டு முக்கியச் சுர வரிசைகளில் மைனருக்கு ‘மோல்’, மேஜருக்கு ‘டூர்’. ஆக, ‘ஹா-மோல்’ என்று அச்சிட்டால் பி மைனர். பாக்கின் பெரிய மாஸ் (தேவாலய வழிபாட்டு இசை) அப்படித்தான் அங்கே அழைக்கப்படுகிறது. ‘பே-டூர்’ என்றால் பி ஃபிளாட் மேஜர். ஷூபர்ட்டின் கடைசி பியானோ சொனாட்டா (அவர் படைப்புப் பட்டியலில் டி 960) அந்தச் சுருதியில். நான் படித்தபோது எங்கள் வாத்தியார் இசைத்தாளின் மேல் மூலையில் பென்சிலால் ஆங்கிலப் பெயரை எழுதிவைத்த பிறகுதான் எங்களிடம் கொடுப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஜனவரி 12

பீத்தோவன் கதை. 1825இல் அவரைப் பார்க்கப் போன பிரெஸ்லாவ் நகர ஆர்கன் கலைஞர் ஒருவர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியது அது. சுரங்களையும் இசைவுகளையும் அவர் கலந்து தரும் வளம் வற்றாதது, அதனால் ஓடை என்று அல்ல, கடல் என்றுதான் பெயர் இருக்க வேண்டும் என்று பீத்தோவன் சொன்னதாக. அந்தக் குறிப்புகள் அச்சானது பீத்தோவன் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து. நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சி இல்லை. ஆனாலும் நான் நம்பும் பக்கம்தான் சாய்வேன், காரணம் இருக்கிறது.

அதே 1825 செப்டம்பரில், வியன்னாவுக்குப் பக்கத்தில் பாடன் என்ற ஊரில், ஃப்ரீட்ரிஷ் கூலாவ் என்ற இசையமைப்பாளர் பீத்தோவனைப் பார்க்க வந்தார். நல்ல விருந்து, ஷாம்பெயின். மறுநாள் பீத்தோவன் ஒரு குட்டி கேனன் எழுதி அனுப்பினார். ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து பாடும் வடிவம் அது. வார்த்தைகள் ‘கூல், நிஷ்ட் லாவ்’: குளிர்ந்தது, வெதுவெதுப்பானது அல்ல. கூலாவ் என்ற பெயரை இரண்டாக உடைத்து ஆடிய சொல் விளையாட்டு. அதன் மெட்டு எதில் தொடங்குகிறது தெரியுமா? பி-ஏ-சி-எச். கேனன் இப்போது பட்டியலில் எண் 191 ஆக இருக்கிறது. ஒரு விருந்தாளியின் பெயரையும் பாக்கின் பெயரையும் ஒரே மூச்சில் பிசைந்து விளையாடிய மனிதர், ஓடை-கடல் என்று சொல்லியிருக்கமாட்டாரா? அதே காலத்தில் அந்த நான்கு சுரங்களை வைத்து ஓர் ஓவர்ச்சர் (ஆர்கெஸ்ட்ராவுக்கான முன்னிசை) எழுதவும் குறிப்புகள் எடுத்தார். முடிக்கவில்லை.

ஜனவரி 15

“குடும்பப் பெயர்தானே, அதற்குப் பொருள் பார்ப்பானேன்” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தப் பெயர் விஷயத்தில் பார்த்தே ஆக வேண்டும். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பாக் என்பது ஒரு கட்டத்தில் ஒரு தொழிலின் பெயர் போலவே ஆகிவிட்டது. எர்ஃபுர்ட் நகரத்தின் ஊதியம் வாங்கும் இசைக்குழுவை 1635இலிருந்து யோஹான் பாக் என்பவர் நடத்தினார். அவருக்குப் பின் அவர் பிள்ளைகள், தம்பி பிள்ளைகள். பின்னாளில் அந்தக் குழுவில் அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர்கூட இல்லாத நாளிலும் நகர வாத்தியக்காரர்களை ஊர்க்காரர்கள் ‘பாக்குகள்’ என்றே அழைத்தார்களாம்.

செபாஸ்டியனுக்கே இதில் பெருமை உண்டு. 1735இல் உட்கார்ந்து தன் குடும்பத்து இசைக்காரர்களின் பட்டியலை எழுதினார். 53 பேர். முதல் ஆள் வைட் பாக், வெள்ளை ரொட்டி சுடுபவர். ஹங்கேரியில் இருந்தவர், லூத்தரன் மதத்தில் இருந்ததால் அங்கிருந்து தப்பி, கோதா நகருக்குப் பக்கத்தில் வெக்மர் என்ற ஊரில் குடியேறினார். மாவு அரைக்கப் போகும்போது சிட்டர்ன் என்ற சிறு தந்திவாத்தியத்தையும் ஆலைக்கு எடுத்துக்கொண்டு போவாராம். கல் சுற்றச் சுற்ற இவர் வாசிப்பாராம். இரண்டும் சேர்ந்து அழகாகத்தான் ஒலித்திருக்கும், கூடவே தாளமும் மனதில் பதிந்திருக்கும் என்று செபாஸ்டியன் அடைப்புக்குறிக்குள் எழுதுகிறார். எனக்கு அவருடைய எழுத்திலேயே மிகப் பிடித்த வரி அது. அவர் கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது, நகல்கள்தான் மிச்சம்.

இப்போது ஓடைக்கு வருகிறேன். 1693இல் ஆர்ன்ஸ்டாட் பிரபுவின் அவையில் வாசித்துக்கொண்டிருந்த யோஹான் கிறிஸ்டோஃப் பாக் இறந்தார். இவர் செபாஸ்டியனின் அப்பா அம்ப்ரோசியஸுடன் இரட்டையாகப் பிறந்தவர். பிரபு இறந்தவரின் மனைவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டாராம்: இன்னொரு பாக் இருக்கிறானா, எனக்கு மறுபடி ஒரு பாக் வேண்டும். ‘நல்ல வாத்தியக்காரன்’ வேண்டும் என்று கேட்கவில்லை, ‘பாக்’ வேண்டும் என்று கேட்டார். 1695இல் அம்ப்ரோசியஸும் போனார். அவருடைய மனைவி பார்பரா மார்கரெத்தா ஐசனாக் நகர மன்றத்துக்கு உதவி கேட்டு எழுதிய மனுவில்தான் இந்தச் செய்தி வருகிறது. பிரபு கேட்டார், ஆனால் கொடுக்க ஆள் இல்லை, இந்தச் சில வருடங்களில் ஆண்டவர் பாக் குடும்பத்து இசையை வற்றிப்போகச் செய்துவிட்டார் என்று மனு சொல்கிறது.

வற்றிப்போன ஓடை. பெயரின் பொருள் தெரிந்து எழுதிய வார்த்தை என்றே நான் படிக்கிறேன். அந்த மனு எழுதப்பட்டபோது அந்த வீட்டில் பத்து வயதுகூட நிறையாத ஒரு பையன் இருந்தான். தாய் முந்தின வருடமே போய்விட்டாள். இந்த அம்மாள் மாற்றாந்தாய். பையனை ஓர்ட்ரூஃபில் இருந்த அண்ணன் அழைத்துக்கொண்டு போனார். 1703இல் அதே ஆர்ன்ஸ்டாட்டில், 18 வயதில், அவனுக்கு ஆர்கன் வேலை கிடைத்தது. ஊருக்கு மறுபடி ஒரு பாக்.

ஜனவரி 16

அதே மாதிரி மற்ற இசையமைப்பாளர்களின் பெயர்களுக்கும் பொருள் கேட்டவருக்கு, வேகமாக: ஷூமான், ஷூபர்ட் இரண்டும் செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து வந்தவை. வாக்னர், வண்டி செய்பவர். வெபர், நெசவாளி. க்ளுக் என்றால் அதிர்ஷ்டம். ஆனால் இவற்றில் எதுவும் பாக் போலத் தன் பொருளோடு சேர்ந்து வாழவில்லை. வாக்னரைக் கேட்கும்போது யாருக்கும் வண்டி ஞாபகம் வருவதில்லை.

ஜனவரி 19

கர்நாடக சங்கீதம் பாடும் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். கீபோர்டில் நான்கு சுரங்களையும் வாசித்துக் காட்டி, சி-யை ஷட்ஜமாக வைத்துப் பாடச் சொன்னேன். கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், ஷட்ஜம், காகலி நிஷாதம். கைசிகி தாழ்ந்த நிஷாதம், காகலி உயர்ந்த நிஷாதம். மூன்றாவதுவரை அவளுக்குச் சிரமமே இல்லை. ஷட்ஜத்திலிருந்து காகலிக்கு இறங்கும்போதுதான் நிறுத்தினாள். “இப்பத்தானே கைசிகி பாடினேன், அது காதுல இருக்கும்போதே இன்னொண்ணு கேக்கறே” என்றாள். இரண்டு நிஷாதமும் வரும் ராகங்கள் அவளுக்குத் தெரியாதா? பேஹாக்கில் அவளே எத்தனையோ தடவை பாடியிருக்கிறாள். ஆனால் அங்கே ஒவ்வொரு நிஷாதத்துக்கும் ஓர் இடம், ஒரு வழி உண்டு. இங்கே நான்கே சுரத்துக்குள் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. அப்புறம் ஷட்ஜத்தை வேறு கட்டைக்கு மாற்றிப் பார்த்தாள். ஏ-யை ஷட்ஜமாக வைத்தாள், பி ஃபிளாட்டை வைத்தாள். எங்கே வைத்தாலும் அவளுக்குச் சுகமாக உட்காரவில்லை.

இந்த மெட்டின் பலமே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த ஒரு மேஜர், மைனர் ஸ்கேலுக்குள்ளும் இது முழுதாக அடங்காது. ஒரு குடும்பப் பெயர் தற்செயலாக இப்படி அமைந்தது பெரிய அதிசயம். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் பெயர்கூட சி-ஏ-ஜி-ஈ என்று சுரமாக விழும், ஆனால் அதை வாசித்தால் சி மேஜரில் சுகமாக உட்கார்ந்துவிடும்.

அவள் போகும்போது ஸ்வராக்ஷரம் பற்றிப் பேசினோம். சாகித்தியத்தின் எழுத்தும் அங்கே வரும் சுரத்தின் எழுத்தும் ஒன்றாக அமைவது. இசைக்காரர் தன் பெயரைப் பாட்டுக்குள் வைக்கும் முத்திரையும் நம்மிடம் உண்டு. முத்திரையே ஸ்வராக்ஷரமாக அமைந்தால் எப்படி இருக்கும், அதுதான் பி-ஏ-சி-எச் என்று சொன்னேன். இதைவிடச் சுருக்கமாக எனக்கு விளக்கத் தெரியாது.

ஜனவரி 23

அவரே தன் பெயரை வாசித்த இடம் வேண்டும் என்றால் ‘ஃபியூக் கலை’ என்ற படைப்பின் கடைசி ஃபியூகுக்குப் போக வேண்டும். ஒரு கருவை, அதாவது ஒரு சிறு மெட்டை, குரல்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னிக்கொண்டு போகும் வடிவம்தான் ஃபியூக். முதல் கரு மெதுவாக, பழைய தேவாலயப் பாணியில் வருகிறது. இரண்டாவது ஓடுகிறது. மூன்றாவது கரு பி-ஏ-சி-எச். அதோடு நிற்காமல் சி ஷார்ப் (சி-க்கு அடுத்த கறுப்புக் கட்டை), டி என்று ஏறி, முழுப் படைப்புக்கும் ஆதாரமான டி-யில் போய் உட்காருகிறது. வீடில்லாத நான்கு சுரங்களுக்கு அவரே ஒரு வீடு காட்டுகிறார் என்று கேட்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

பிறகு மூன்று கருக்களும் சேர ஆரம்பிக்கின்றன, 239ஆவது அளவையில் (தாளக் கட்டத்தில்) கையெழுத்து நின்றுவிடுகிறது. தாளின் மிச்சத்தில் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் எழுதிவைத்தார்: இந்த ஃபியூகில், பாக் என்ற பெயர் எதிர்க் கருவாக வரும் இடத்தில், ஆசிரியர் இறந்துபோனார்.

ஜனவரி 24

நேற்றைய குறிப்பைத் திரும்பப் படித்தேன். மகன் எழுதியதை அப்படியே விட்டுவிட்டால் படிக்கிறவர்கள் தவறான படத்தோடு போவார்கள். பேனா கையிலிருந்து நழுவ, தன் பெயரை எழுதியபடியே சாய்ந்தார் என்பதை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பது பாக்கின் சொந்தக் கையெழுத்து. கடைசி மாதங்களில் அவருக்குக் கண் தெரியவில்லை. 1750 வசந்தத்தில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேய மருத்துவர் செய்த இரண்டு அறுவைகளும் பலிக்கவில்லை. ஜூலை 28இல் இறந்தார். ஆகவே அந்தப் பக்கம் சாவுக்குக் கணிசமான காலம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். மீதியை வேறு தாளில் எழுதி அது தொலைந்ததா, தலைக்குள்ளேயே முடித்துவைத்திருந்தாரா என்பதில் சண்டை ஓயவில்லை. 1751இல் அச்சிட்டவர்கள் கடைசிச் சில அளவைகளையும் வெட்டிவிட்டு, நிறைவாக இருக்கட்டும் என்று ஒரு கோரல் பிரெலூடை (தேவாலயப் பாட்டு ஒன்றை வைத்து எழுதிய படைப்பை) கடைசியில் சேர்த்தார்கள்.

மேடையில் இதை எப்படி முடிப்பது? சிலர் பிறர் எழுதிச் சேர்த்த முடிவை வாசிக்கிறார்கள். சிலர் அந்த இடத்தில் அப்படியே கையை எடுத்துவிடுகிறார்கள். நான் கையை எடுப்பவர்கள் கட்சி. அவர் எழுதியது அவ்வளவுதான்.

ஜனவரி 30

எதிர்பார்த்தபடி 14 என்ற எண் பற்றிய கேள்வி வந்துவிட்டது: பாக் தன் பெயரை எண்ணாகவும் இசையில் ஒளித்துவைத்தாரா? ஏ-க்கு 1, பி-க்கு 2 என்று எண் கொடுத்தால் பாக் என்ற பெயர் 2+1+3+8, கூட்டினால் 14. ஐ-யும் ஜே-யும் ஒன்றாகக் கருதப்பட்ட பழைய எழுத்து வரிசையில் ஜே.எஸ். பாக் 41, அதாவது 14-ஐத் திருப்பிப் போட்டது.

உறுதியானவற்றை முதலில் சொல்கிறேன். 1747இல் மிட்ஸ்லர் நடத்திய இசை அறிவியல் சங்கத்தில் பாக் 14ஆவது உறுப்பினராகச் சேர்ந்தார். சங்கத்தில் உறுப்பினர்கள் தங்கள் உருவப்படத்தைக் கொடுக்க வேண்டும். எலியாஸ் காட்லோப் ஹவுஸ்மான் 1746இல் வரைந்த படத்தில் கையில் ஆறு குரல் கேனன் ஒன்றைப் பிடித்திருக்கிறார். 1970களில் ஸ்ட்ராஸ்பர்கில் கிடைத்த, பாக்கின் கோல்ட்பர்க் மாறுபாடுகள் என்ற படைப்பின் அச்சுப் பிரதியில் அவர் கையாலேயே எழுதிய கேனன்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தால் 14. இவ்வளவும் சரி.

ஆனால் அந்த உருவப்படத்தில் கோட்டுப் பொத்தானை எண்ணுவது, ஒவ்வொரு கருவின் சுரங்களையும் எண்ணி 14 வருகிறதா என்று தேடுவது, வராவிட்டால் ஓய்வுக் குறிகளைச் சேர்த்துக்கொள்வது, இதில் எனக்கு விருப்பம் இல்லை. தேடினால் எந்த எண்ணும் எங்கேயும் கிடைக்கும். பெயரைச் சுரமாக்கினார் என்பதற்கு அச்சுச் சாட்சி, கையெழுத்துச் சாட்சி இரண்டும் உண்டு. எண்ணாக்கினார் என்பதற்கு அப்படி ஒன்று இல்லை.

பிப்ரவரி 2

“பாக் என்றால் ஒருவர்தானே” என்று எழுதியவருக்கு. இன்றைக்கு ஒருவர். 1780இல் பெர்லினிலோ ஹாம்பர்கிலோ வெறும் ‘பாக்’ என்று சொன்னால் அது மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல். லண்டனில் சொன்னால் கடைசி மகன் யோஹான் கிறிஸ்டியன். அப்பா ‘பழைய பாக்’, பெரிய ஆர்கன் கலைஞர், பாடம் படிக்க உதவும் ஆசாமி.

அதனால் ஊரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் வந்தது. வில்ஹெல்ம் ஃப்ரீடமான் ‘ஹாலே பாக்’. இமானுவேல் முதலில் ‘பெர்லின் பாக்’, 1768இல் இடம் மாறிய பிறகு ‘ஹாம்பர்க் பாக்’. யோஹான் கிறிஸ்டோஃப் ஃப்ரீட்ரிஷ் ‘பூக்கபுர்க் பாக்’. யோஹான் கிறிஸ்டியன் மிலானில் கத்தோலிக்கராக மாறி அங்கே பேராலய ஆர்கன் வாசித்ததால் ‘மிலான் பாக்’, 1762இல் லண்டன் போனதும் ‘லண்டன் பாக்’. எட்டு வயது மொசார்ட்டை லண்டனில் அன்போடு வரவேற்றவர் இவர். 1782 தொடக்கத்தில் இவர் இறந்த செய்தி வந்தபோது மொசார்ட் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் ‘ஆங்கில பாக்’ போய்விட்டதாகவும் இசை உலகுக்கே இழப்பு என்றும் எழுதினார். அந்த வருடம் எழுதிய ஏ மேஜர் பியானோ கான்செர்டோவின் (மொசார்ட் பட்டியலில் கே. 414) நடுப் பகுதியில் கிறிஸ்டியனின் மெட்டு ஒன்று வருகிறது. மொசார்ட்டை அழவைத்த பாக் இவர்தான்.

பெயர் மறுபடி அப்பாவிடம் வந்து சேர்ந்தது மெதுவாக. 1802இல் ஃபோர்க்கெல் எழுதிய வாழ்க்கை வரலாறு. 1829 மார்ச் 11இல் பெர்லினில் இருபது வயது மெண்டல்சோன் நடத்திய ‘மத்தேயு பாடுகள்’, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் படைப்பு. அதன் பிறகுதான் முன்னெழுத்தே தேவையில்லாமல் போனது.

பிப்ரவரி 6

ஷூமானிலிருந்து ஆரம்பித்து வரிசையாக எல்லாரும் இந்த நான்கு சுரங்களைத் தொட்டிருக்கிறார்கள். ஷூமான் 1845இல் ஆர்கனுக்கு ஆறு ஃபியூகுகள். லிஸ்ட் மெர்செபர்க் பேராலயத்தின் ஆர்கனுக்காக 1855இல் எழுதி 1870இல் திருத்தியது; முதல்முறை கேட்கிறவர்களுக்கு இதைத்தான் தருவேன், நான்கு சுரமும் காலால் வாசிக்கும் பெடலில் இடித்துக்கொண்டு வரும். ரேகர் 1900இல். ஹோனெகர், பூலங்க், கசெல்லா எல்லாம் 1932இல் ஒரு பாரிஸ் இசை இதழின் பாக் சிறப்பிதழுக்காக. பூலங்க் அதை வால்ஸ் என்ற நடன இசையாக ஆக்கிவிட்டார். ஷோன்பெர்க் ஆர்கெஸ்ட்ரா மாறுபாடுகளில், 1928.

நின்று பார்க்க வேண்டியது வெபர்ன். 1938இல் முடித்த ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (நான்கு தந்திவாத்தியங்களுக்கான படைப்பு), ஓபஸ் 28. பன்னிரண்டு சுரங்களும் ஒருமுறைதான் வர வேண்டும் என்ற விதியில் எழுதுகிறார். முதல் நான்கு: பி ஃபிளாட், ஏ, சி, பி. அரைச் சுரம் கீழே, மூன்று அரைச் சுரம் மேலே, அரைச் சுரம் கீழே. அடுத்த நான்கு அதே உருவத்தைத் தலைகீழாக்கியது: டி ஷார்ப், ஈ, சி ஷார்ப், டி. கடைசி நான்கு முதலாவதையே வேறு இடத்தில் வைத்தது: எஃப் ஷார்ப், எஃப், ஜி ஷார்ப், ஜி. தாளில் எழுதிச் சரிபாருங்கள், பன்னிரண்டில் ஒன்றும் விடுபடாது, ஒன்றும் திரும்ப வராது. இன்னும் ஒன்று: பி-ஏ-சி-எச்சைப் பின்னாலிருந்து வாசித்தாலும் தலைகீழாக்கினாலும் ஒரே உருவம்தான் கிடைக்கும். முழுப் படைப்பும் ஒரே பெயரால் கட்டப்பட்டது, ஆனால் கேட்டால் பெயர் காதில் விழாது.

இந்த வரிசையில் நம் ஊரையும் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். இளையராஜா 1986இல் வெளியிட்ட கருவியிசைத் தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தார். அதில் ஒரு படைப்பின் தலைப்பிலேயே பாக் வருகிறார். அவர் எடுத்துக்கொண்டது தனி வயலினுக்காக பாக் எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கொண்ட படைப்பின்) முதல் பகுதியை. எனவே இந்த இழையில் அதைச் சுரப்பெயர் வரிசையில் வைக்கமாட்டேன், பெயரின் பயணத்தில் வைப்பேன்.

பிப்ரவரி 7

யாரோ சிரிக்க ஒன்று கேட்டார்கள். லைப்சிக்கில் பாக்கின் பிரியமான மாணவர் யோஹான் லூட்விக் க்ரெப்ஸ். க்ரெப்ஸ் என்றால் நண்டு. இவ்வளவு பெரிய ஓடையில் பிடிபட்டது ஒரே ஒரு நண்டுதான் என்று அந்தக் காலத்திலேயே சொல்லிச் சிரித்தார்களாம். க்ரெப்ஸின் ஆர்கன் படைப்புகளைக் கேளுங்கள், நண்டு நல்ல நண்டு.

பிப்ரவரி 8

மேலே உள்ள நகைச்சுவையைப் படித்துவிட்டு உச்சரிப்பு கேட்டிருக்கிறார் ஒருவர். பாச் இல்லை, பேக் இல்லை. கடைசி ஒலி அடித்தொண்டையில் உரசி வரும் காற்று. ‘அகம்’, ‘முகம்’ என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் வரும் க-வை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். எழுத்தில் பாக் என்பதே தமிழில் நிலைத்துவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 15

ட்ரம்பெட் வாசிக்கிற ஒரு தம்பி எழுதியிருக்கிறான், “அண்ணா, எங்க பேண்டுல பாக்னா மவுத்பீஸ்” என்று, அதாவது வாயில் வைத்து ஊதும் முனை. உண்மைதான். பித்தளை வாத்தியக்காரர்கள் உலகம் முழுக்க ‘பாக் 7சி’ என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய வின்சென்ட் பாக் ஆஸ்திரியாவில் பிறந்தவர். பிறந்தபோது அவர் பெயர் ஷ்ராட்டன்பாக். மேடைக்காக முன்பகுதியை வெட்டிவிட்டு ‘பாக்’ மட்டும் வைத்துக்கொண்டார். துரிங்கியா குடும்பத்தோடு அவருக்குச் சம்பந்தம் இல்லை. ஆனால் இசைத் தொழிலில் நுழைகிற ஒருவர், தன் பெயரில் எந்தத் துண்டை வைத்துக்கொள்வது என்று யோசித்தபோது, அந்தத் துண்டைத்தான் எடுத்தார். எர்ஃபுர்ட்டில் நடந்ததற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

மார்ச் 1

நிகழ்ச்சி நிரலில் ‘யோஹான் கிறிஸ்டோஃப் பாக்’ என்று போட்டிருந்தது, இது அண்ணனா சித்தப்பாவா என்று கேட்டவருக்கு. வருடத்தைப் பாருங்கள். 1642–1703 என்றால் ஐசனாக் ஆர்கன் கலைஞர், அப்பா அம்ப்ரோசியஸுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். குடும்பப் பட்டியலில் செபாஸ்டியன் ஆழமான இசையமைப்பாளர் என்று எழுதியது இவரைத்தான். 1645–1693 என்றால் ஆர்ன்ஸ்டாட்டில் இறந்த அந்த இரட்டைச் சித்தப்பா. 1671–1721 என்றால் பையனை வளர்த்த ஓர்ட்ரூஃப் அண்ணன், பாக்கெல்பெலின் மாணவர். கச்சேரியில் வாசிக்கப்படுவது கிட்டத்தட்ட எப்போதும் முதலாமவர். ‘ஆ, என் தலையில் போதிய நீர் இருந்தால்’ என்று தொடங்கும் அவருடைய புலம்பல் பாட்டு நிரலில் இருந்தால் டிக்கெட் வாங்கிவிடுங்கள்.